கலத்தில் இருப்போர் அச்சம்: அருளிச்செயலில் மரக்கல உவமைகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமங்கையாழ்வார் அருளிச்செய்த பெரிய திருமொழியின் இறுதிப் பதிகம் (11-8) அஞ்சி நடுங்கும் ஒருவருடைய வாக்காக அமைந்திருக்கிறது. வடக்கே திருப்பிரிதி தொடங்கித் திவ்யதேசந்தோறும் எழுந்தருளி, ஆங்காங்கு எம்பெருமான்களை மங்களாசாஸனம் செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாசுரங்களைப் பாடியவர் ஆழ்வார். அத்தகையவர் பிரபந்தத்தை முடிக்குமிடத்தில் களித்து ஆடுவார் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவரோ, எம்பெருமான் தம்மை இன்னமும் பிறவிக்குழியில் தள்ளிவிடுவானோ என்று அஞ்சுகிறார். அந்த அச்சத்தை ஒரே உவமையில் அடக்கமாட்டாமல் அடுத்தடுத்து ஐந்து உவமைகளை இடுகிறார். ஆற்றங்கரையில் நிற்கும் மரம், காற்றில் அகப்பட்ட கலத்தில் இருப்போர் மனம், பாம்போடு ஒரே வீட்டில் குடியிருத்தல், இருபுறமும் எரியும் கொள்ளிக்கட்டையின் நடுவே சிக்கிய எறும்பு, வெள்ளத்தில் அகப்பட்ட நரிக்கூட்டம் என்பன அவை.

இவற்றுள் இரண்டாம் பாசுரத்தில் வரும் மரக்கல உவமையை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். சரணாகதி செய்தவன் அஞ்சலாமா, அஞ்சினால் அவனுடைய விச்வாஸத்துக்குக் குறை உண்டா என்று கேட்கும் அன்பர்கள் பலர். அக்கேள்விக்கு இவ்வொரு உவமையே விடை தருகிறது என்பது நம் கருத்து.

ஆழ்வார் அறிந்த கடல்

ஆழ்வார் திருவவதரித்தது திருக்குறையலூர், ஆண்டது ஆலிநாடு. காவிரி கடலோடு கலக்கும் புகார்த் துறைக்கு அணித்தான நாடு அது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே வந்தால் இன்றைய காரைக்காலும், அதனை அடுத்துத் திருமலைராயன்பட்டினமும், அப்பால் நாகையும் வரும். காரைக்காலுக்குத் தென்மேற்கே உள்நாட்டில் திருக்கண்ணபுரம் இருக்கிறது. பெரிய திருமொழியின் எட்டாம் பத்து முழுவதையும் அத்திருப்பதி எம்பெருமானுக்கே ஆழ்வார் ஸமர்ப்பித்தார். ஆக, இந்தக் கரையும் இதன் காற்றும் ஆழ்வாருக்குக் கேள்வி மாத்திரமாய் இருந்தவை அல்ல. திருக்கடல்மல்லைப் பதிகத்தில் (2-6) நிதிக்குவையும் களிறுகளும் நவமணிகளும் சுமந்து தாழ்ந்து செல்லும் கலங்களை அவர் பாடியிருப்பதை நாம் அறிவோம். அங்கே கலத்தைக் கரையிலிருந்து காண்கிறார். இறுதிப் பதிகத்திலோ கலத்தினுள்ளே இருப்பவராகவே பேசுகிறார்.

இக்கரையின் இயல்பை அறிந்தால் உவமையின் ஆழம் புலப்படும். சோழமண்டலக் கரை தாழ்ந்த மணற்கரை. காற்றையும் அலையையும் தடுக்கும் மலைமுனைகளோ ஆழ்ந்த குடாக்களோ இங்கில்லை. அரசலாறு போன்ற ஆறுகளின் முகத்துவாரங்களும் மணல் மேடிட்டுத் தூர்ந்துபோகும் இயல்பின. அதனால் பெருங்கப்பல்கள் கரைக்கு வரமாட்டாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, இரும்பாணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய சலங்குகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு புயல் எழும்போது ஒதுங்குவதற்கு இடம் கிடையாது. கடலில் இருப்பவன் கடலிலேயே இருந்து அதனைக் கடந்தாக வேண்டும். இன்றும் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் நாகை, காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. 2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது இந்தக் கரை பட்ட பாட்டை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இக்கரையின் பட்டினவர் தலைமுறை தலைமுறையாகக் கடலேறியது கட்டுமரத்தில். கனமற்ற மரத்துண்டுகளை வரிசையாக அணைத்துக் கயிற்றால் பிணைத்து, ஒரு பாயை விரித்து, வாடையையும் கொண்டலையும் கச்சானையும் சோழகத்தையும் அறிந்து அவர்கள் சென்று மீண்டனர். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவதும் உண்டு. இக்காலத்தில் இயந்திரப் படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் அதன் இடத்தைப் பெரும்பாலும் கொண்டுவிட்டன. எனினும் கட்டுமரத்தின் ஓர் இயல்பை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மற்றப் படகுகள் நீரைப் புறத்தே நிறுத்துவதனால் மிதக்கின்றன; நீர் உட்புகுந்தால் மூழ்குகின்றன. கட்டுமரம் நீரைத் தடுப்பதில்லை. அலை மேலேறினால் அந்நீர் மர இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் அது மூழ்காது. மரத்தின் ஸ்வபாவமே மிதப்பது. மேலிருப்பவனுடைய திறமையால் அந்த மிதப்பு வந்ததன்று. இதனைப் பின்னர் மீண்டும் நினைப்போம்.

ஏன் மனத்தைச் சொன்னார்?

உவமையில் நாம் ஊன்றிக் காணவேண்டிய இடம் ஒன்றுண்டு. காற்றில் அகப்பட்ட கலத்தைப் போல நடுங்குகிறேன் என்று ஆழ்வார் சொல்லவில்லை. அக்கலத்தில் இருப்போருடைய மனம் போல என்கிறார். கலம் நடுங்குவது வெளிப்படை. அதைவிட மனம் நடுங்குவதைச் சொல்வதில் என்ன ஏற்றம்?

முதற்பாசுரத்து மரத்தோடு ஒப்பிட்டுக் காண்போம். ஆற்றங்கரை மரம் ஓரிடத்தில் நிற்கிறது. அதன் கீழுள்ள மண் சிறிது சிறிதாக அரிக்கப்படுகிறது. அபாயம் ஒரு பக்கத்திலிருந்து மெல்ல வருகிறது. கலத்தில் இருப்பவனுடைய நிலை வேறு. அவன் காலூன்றியிருக்கும் இடமே ஆடுகிறது. அவன் பற்றிய கயிறு ஆடுகிறது, பாய்மரம் ஆடுகிறது, திசையறியப் பார்க்கும் அடிவானமும் ஆடுகிறது. நிலத்தில் இருப்பவனுக்கு இடி இடித்தாலும் புயல் வீசினாலும் பாதத்தின் கீழ் அசையாத ஒன்று உண்டு. அதன்மேல் நின்றுகொண்டு அஞ்சுவான். கலத்திலிருப்பவனுக்கு அஞ்சுவதற்குக்கூட நிலையான இடமில்லை.

ஸம்ஸாரத்தில் உழலும் ஜீவனுக்கு மனமே இந்நிலையில் இருக்கிறது. எம்பெருமானைப் பற்ற வேண்டும் என்று தீர்மானிப்பது மனம். அப்பற்றைத் தளராமல் காக்க வேண்டியதும் மனம். அம்மனந்தான் காற்றில் ஆடுகிறது. நேற்று உறுதியாய் இருந்தது இன்று ஐயுறுகிறது. சந்நிதியில் உருகியது வீதிக்கு வந்ததும் வறளுகிறது. ஆடுகின்ற ஒன்றைக் கொண்டு நிலைபெற முயல்வது, ஆடும் படகினுள் நின்றுகொண்டு அப்படகையே கையால் பிடித்து நிறுத்த முயல்வதை ஒக்கும். ஆகையால் 'என் மனம் நடுங்குகிறது' என்று ஆழ்வார் விண்ணப்பம் செய்யும்போது, தம்மிடத்தில் பிடிமானம் ஒன்றும் இல்லை என்னும் ஆகிஞ்சன்யத்தையே வெளியிடுகிறார் என்று கொள்ளலாம்.

இதனை விண்ணப்பிக்குமிடத்தில் எம்பெருமானைத் திருவாழியை ஆள வல்லவன் என்று விளிக்கிறார். 'ஆழி' என்பதற்கு அங்கே சக்கரம் என்பதே நேர்பொருள். அச்சொல்லுக்குக் கடல் என்றும் பொருள் உண்டாகையால், கடலில் அகப்பட்டவன் ஆழியை ஆள்பவனைக் கூப்பிடுவதில் ஒரு சுவை தோன்றுகிறது. இது நாம் ரஸிப்பதற்காகச் சொன்னதேயொழிய, நேர்பொருளை விலக்குவதற்காக அன்று.

அண்மைக்கால மாலுமி ஒருவர்

பாய்மரக்கலம் நம் நாளில் அன்றாட வாழ்க்கையிலிருந்து மறைந்துவிட்டது. பெருங்கப்பலிலும் விமானத்திலும் கடல் கடக்கும் நமக்கு இவ்வுவமை ஏட்டுச் செய்தியாகவே நின்றுவிடக்கூடும். ஆகவே உவமானத்தை உள்ளபடி அறிவதற்காக, நம் காலத்தில் நிகழ்ந்த ஒரு கடற்பயணத்தை நினைவுகூர்வோம்.

இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018 ஜூலை 1 அன்று பிரான்ஸ் நாட்டிலிருந்து, தனி ஒருவராக எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றிவரும் 'கோல்டன் குளோப்' பாய்மரப் போட்டியில் புறப்பட்டார். கோவாவில் கட்டப்பட்ட அவருடைய சிறு படகு ஏறத்தாழ 32 அடி நீளமுடையது. 'துரியா' என்று பெயர் பெற்றது. செப்டம்பர் 21 அன்று இந்துமாக் கடலின் தென்பகுதியில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு ஏறத்தாழ 1900 கடல் மைல் தொலைவில், பெரும்புயல் அப்படகைத் தாக்கியது. 10 மீட்டருக்கும் மேலாக எழுந்த அலைகளில் படகு முழுவதுமாக உருண்டு எழுந்தது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு பழுதுபட்டது. எழுந்து நடக்கமாட்டாமல் படகினுள்ளே படுத்துக் கிடந்தார். தம்மால் நடக்க இயலவில்லை, தூக்குப்படுக்கை தேவைப்படலாம் என்று செய்தி மட்டும் அனுப்ப முடிந்தது. இந்தியக் கடற்படை விமானம் அவர் இருக்குமிடத்தை வானிலிருந்து கண்டது. செப்டம்பர் 24 அன்று 'ஒஸிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் அங்கே சென்றடைந்து, அதன் மாலுமிகள் அவரைத் தூக்கிச் சென்றனர். பிற்பாடு 2022-இல் தொடங்கிய அதே போட்டியில் அவர் மீண்டும் கலந்துகொண்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, புயலில் மாலுமியின் தொழில் படிப்படியாக ஒடுங்கும் முறை. காற்று வலுக்க வலுக்கப் பாயைச் சுருக்குவான். இன்னும் வலுத்தால் பாயை முற்றும் இறக்குவான். மேல்தளக் கதவுகளை அடைத்து, இடுப்பு வாரினால் தன்னைப் படகோடு பிணைத்துக்கொள்வான். தான் செலுத்துவதை விட்டுப் படகைப் படகின் போக்கில் விடுவான். இது சோம்பலன்று, கடலை அறிந்தவனுடைய முதிர்ந்த அறிவு. இரண்டாவது, காப்பாற்றுகிறவர் வந்து சேரும் முறை. கிடந்தவர் எங்கே கிடந்தாரோ அங்கே வந்து எடுத்தனர். அவர் செய்ததெல்லாம் 'இங்கே இருக்கிறேன், என்னால் ஆகவில்லை' என்று அறிவித்ததும் படகில் இருந்ததுமே.

கர்ம ஞான பக்திகளை உபாயமாகச் செலுத்தும் கையை விலக்கி, கதியற்றவனாய்த் தன்னை அறிவித்து நிற்றல் என்று நம் ஆசார்யர்கள் உபதேசிப்பதை இதனோடு பொருத்திக் காண்பது எளிது. உவமை எல்லா அம்சங்களிலும் ஒக்கவேண்டும் என்னும் நியமமில்லை. மாலுமிக்கு உதவி வந்தடையாமலும் போகலாம். எம்பெருமான் வாராதொழிவான் என்பதில்லை. அங்கே உவமை நின்றுவிடுகிறது.

நான்கு உவமைகள், நான்கு நிலைகள்

மரக்கல உவமை திருமங்கையாழ்வாருக்கு மட்டும் உரியதன்று. மூன்று பேர் அருளியவற்றையும் சேர்த்துக் காணும்போது ஓர் அழகிய ஒழுங்கு தோன்றுகிறது.

ஆண்டாள் குயிலை நோக்கிப் பாடிய பதிகத்தில் (நாச்சியார் திருமொழி 5-4), துன்பக்கடலில் புகுந்து, வைகுந்தன் என்னும் தோணியைப் பெறாமல் தான் உழல்வதாகச் சொல்கிறாள். அவள் நீரிலேயே இருக்கிறாள். தோணி இன்னது என்று தெரிந்திருந்தும் அது கைக்கு எட்டவில்லை. விரஹத்தின் உச்சம் அது.

நம்மாழ்வார் (திருவாய்மொழி 5-1-9) தம்மை நாவாயாகவே சொல்கிறார். துணையாவார் ஒருவரும் இல்லாமல் அலைகடலில் அழுந்தும் மரக்கலம் போலப் பிறவிக்கடலில் தாம் நடுங்கியதாகவும், அப்போது எம்பெருமான் திருவாழி திருச்சங்குகளோடு கூடிய திருக்கோலத்துடன் எழுந்தருளி, ஐயோ என்று இரங்கித் தம்மோடு ஒன்றியதாகவும் அருளுகிறார். இங்கே நாவாய் கரைக்குச் செல்லவில்லை. கரையானவன் நாவாய்க்கு வருகிறான்.

குலசேகராழ்வார் (பெருமாள் திருமொழி 5-5) திருவித்துவக்கோட்டு அம்மானிடம் தம்மைப் பறவையாகச் சொல்லிக்கொள்கிறார். நடுக்கடலில் கப்பலின் கூம்பிலிருந்து பறந்த பறவை நாற்றிசையும் சென்று, கரை எங்கும் காணாமல், மீண்டும் அக்கூம்பையே வந்தடைகிறது. வேறு புகலில்லை என்பதைப் பறந்து பார்த்து அறிந்துகொண்ட நிலை. அநந்யகதித்வம் என்பது இதுவே.

திருமங்கையாழ்வாரோ கலத்தில் ஏறியிருப்பவர். தோணி கிடைத்துவிட்டது, வேறு புகலில்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஆயினும் காற்று ஓயவில்லை. இதுவே நம் போன்றாருக்கு மிக அணுக்கமான நிலை. ஆசார்யன் திருவடிகளை ஆச்ரயித்து, பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்று, எம்பெருமானே உபாயம் என்று கேட்டுத் தெளிந்தவர்கள் நாம். நோய் வருகிறது, பிரிவு வருகிறது, பிள்ளைகள் அயல்நாட்டில், பெற்றோர் தனிமையில் என்றாகிறது. மனம் நடுங்குகிறது. அப்போது 'நான் ஏறிய கலம் மெய்யான கலந்தானா?' என்னும் ஐயம் எழுகிறது. அச்சத்தினும் கொடியது அவ்வையம்.

கலத்தை விடாமை

கடலோடிகள் கற்ற பாடம் ஒன்று இங்கே உதவும். 1979 ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் 303 படகுகள் கலந்துகொண்டன. நடுவே எழுந்த புயலில் 15 போட்டியாளர்கள் உயிரிழந்தனர். 24 படகுகள் அவற்றில் இருந்தோரால் கைவிடப்பட்டன. புயல் ஓய்ந்தபின் தேடியபோது கைவிடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மிதந்துகொண்டிருக்கக் காணப்பட்டன. படகைவிட்டுச் சிறிய மிதவைகளுக்கு மாறியவர்களுள் சிலர், அம்மிதவைகள் கவிழ்ந்தும் சிதைந்தும் போக மாண்டனர். அவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை. அந்த இருளிலும் இரைச்சலிலும் யாருக்கும் அப்படியே தோன்றியிருக்கும். ஆனால் அதன்பின் கடலோடிகளுக்கு ஒரு நெறி இன்னும் உறுதியாயிற்று: கலம் தன் கீழே அமிழ்ந்துபோகிற வரையில் அதனை விடலாகாது.

உள்ளே இருப்பவனுக்குக் கலம் மூழ்கப்போவதாகத் தோன்றுவது வேறு, கலம் மெய்யாகவே மூழ்குவது வேறு. அச்சம் இருப்பவனுடைய நிலையைச் சொல்லும். கலத்தின் வன்மையைச் சொல்லாது. திருமங்கையாழ்வார் நடுங்குகிறார், ஆயினும் இறங்கிவிடவில்லை. அஞ்சி நடுங்கும் அப்பதிகத்திலும் அவர் விண்ணப்பம் செய்வது எம்பெருமானிடத்திலேதான். வேறொரு தெய்வத்தையோ வேறோர் உபாயத்தையோ நாடவில்லை. தம் அச்சத்தை அச்சம் தீர்ப்பவனிடமே சொல்கிறார். குலசேகரர் பாடிய பறவையும் கூம்பு ஆடவில்லை என்பதனால் அங்கே திரும்பவில்லை. அதுவொழிய வேறிடமில்லை என்பதனாலேயே திரும்பியது.

கட்டுமரத்தைப் பற்றி முன்னர்ச் சொன்னதை இங்கே கூட்டிக்கொள்ளலாம். மேலிருப்பவன் அஞ்சினாலும் அஞ்சாவிட்டாலும் மரம் மிதக்கிறது. அவனுடைய துணிவினால் அது மிதப்பதில்லையாகையால், அவனுடைய நடுக்கத்தினால் அது மூழ்குவதுமில்லை. எம்பெருமான் ஸித்தோபாயம், அதாவது நாம் புதிதாக உண்டாக்க வேண்டாதபடி முன்னமே ஸித்தமாய் இருக்கும் உபாயம். நம் விச்வாஸம் அவனைப் பற்றும் கை. அக்கை நடுங்கலாம், தாங்குபவன் அவன்.

ஸ்வாரஸ்யமான சொல்லொற்றுமை ஒன்றும் உண்டு. தாங்குவதற்கும் 'தாரகம்' என்று பெயர். தாண்டுவிப்பதற்கும் 'தாரகம்' என்று பெயர். வடமொழியில் அவை வெவ்வேறு தாதுக்களிலிருந்து பிறந்த வெவ்வேறு எழுத்துடைய சொற்கள். தமிழெழுத்தில் ஒன்றாகவே தோன்றும். கலம் இரண்டையும் செய்கிறது: மூழ்காமல் தாங்குகிறது, அக்கரைக்குத் தாண்டுவிக்கிறது. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே 29 அன்று உலகைச் சுற்றி மீண்ட இந்தியக் கடற்படையின் 56 அடிப் பாய்மரக்கலத்துக்குத் 'தாரிணி' என்று பெயர். கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் அதனைச் செலுத்தி வந்தனர். தாரிணி என்றால் கரையேற்றுபவள் என்று பொருள். கலத்துக்கு இட்ட பெயர் கலத்தின் தொழிலையே சொல்கிறது. எம்பெருமான் திருநாமங்களும் அவ்வாறே.

அஞ்சலாமா?

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மஹாவிச்வாஸம் சரணாகதிக்கு அங்கமாகச் சொல்லப்பட்டிருக்க, சரணமடைந்தவன் அஞ்சுவது பொருந்துமா?

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதற்கு வழி காட்டியிருக்கிறார். அச்சத்துக்குக் காரணம் நம் கர்மம். அச்சமின்மைக்குக் காரணம் அவன் காருண்யம். நம்மைப் பார்க்கும்போது அஞ்சுவதும் அவனைப் பார்க்கும்போது அச்சம் தீர்வதும் முறையானவை. மாறாக, நம்மைப் பார்த்து அஞ்சாதிருப்பதும் அவனைப் பார்த்து அஞ்சுவதுமே அறியாமையாகும் என்பது அவர் திருவுள்ளம். ஆக, அச்சம் நீங்க வேண்டும் என்பதைக் காட்டிலும், அச்சம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே உபதேசம்.

ஆசார்யர்களின் அனுஷ்டானமும் இதனையே காட்டுகிறது. மணவாள மாமுனிகள் தம் அந்திம தசையில் ஆர்த்திப்ரபந்தம் அருளி, உடற்சிறையிலிருந்து விடுவிக்கும்படி எம்பெருமானாரை வேண்டிக் கதறினார். ஸ்வாமி வேதாந்த தேசிகன் அபீதிஸ்தவம் அருளி, அச்சமின்மையைத் தரும்படி திருவரங்கனை வேண்டினார். இருவரும் தத்துவம் தெளிந்தவர்கள், பிறருக்குத் தெளிவித்தவர்கள். அவர்களே வேண்டினார்கள் என்றால், வேண்டுவது விச்வாஸக் குறையாகாது. கலத்தில் இருப்பவன் மாலுமியைக் கூப்பிடுவது மாலுமியை நம்பாமையால் அன்றே.

கடலுக்கு வரும் கண்ணபுரத்தான்

இனிக் காரைக்கால் கரையில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு வைபவத்தை நினைப்போம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தம் திருக்கோயிலிலிருந்து புறப்பட்டுத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுகிறார். சுற்றுவட்டாரத் திருக்கோயில்களின் பெருமாள்களும் அங்கே எழுந்தருளுவர். பத்மினி நாச்சியார் தங்கள் குலத்தில் அவதரித்தவள் என்பது பட்டினவரின் ஐதிஹ்யம். ஆகையால் பட்டினச்சேரி மீனவர்கள் எம்பெருமானை 'மாப்பிள்ளை' என்று ஆர்ப்பரித்து எதிர்கொண்டு, பட்டு ஸமர்ப்பித்து, தங்கள் தோளில் எழுந்தருளப்பண்ணுகிறார்கள்.

ஜீவனுக்கும் பரமாத்மாவுக்கும் உள்ள ஒன்பதுவகை ஸம்பந்தங்களுள் பர்த்ரு பார்யா ஸம்பந்தமும் ஒன்று என்று நம் பூர்வர்கள் அருளினர். நாம் காலக்ஷேபத்தில் கேட்டு அறிவதை அம்மக்கள் உறவுமுறை சொல்லி அழைத்தே அனுபவிக்கிறார்கள். மேலும், கடலின் கொடுமையை அவர்களைவிட அறிந்தவர் எவரும் இல்லை. கடல் தணிந்த பிறகு அவன் வரட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. அலையடிக்கும் இடத்துக்கே அவனை அழைத்துச் செல்கிறார்கள். அவனும் உள்நாட்டுத் திருக்கோயிலிலிருந்து கரைக்கு வருகிறான். அழுந்தும் நாவாய்க்கு எழுந்தருளியவனாக நம்மாழ்வார் காட்டிய ஸ்வபாவம் இங்கே உத்ஸவமாக நடந்தேறுகிறது.

2004 எழுப்பும் கேள்வி

இவ்விடத்தில் ஒரு கேள்வியை மறைத்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. 26-12-2004, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இதே கடல் ஆழிப்பேரலையாக எழுந்தது. பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு முதலிய ஊர்கள் மக்களையும் வீடுகளையும் படகுகளையும் இழந்தன. மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர்களுக்கு மாப்பிள்ளை செய்தது இதுதானா என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

முதலில் சொல்லலாகாதது ஒன்றுண்டு. 'அவரவர் கர்மம்' என்று துயருற்றோர் முன் சொல்லலாகாது. கர்மத்தைப் பற்றிய சிந்தனை ஒருவன் தன்னை நோக்கிச் செய்துகொள்ள வேண்டியது. பிறருடைய கண்ணீருக்குக் காரணம் கற்பிக்க அது நமக்குத் தரப்படவில்லை. பிறர் துன்பம் கண்டால் பொறாமல் இரங்குவதே ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம்.

அடுத்து, ஆழ்வார்கள் நமக்கு எதை வாக்களித்தார்கள், எதை வாக்களிக்கவில்லை என்று தெளிய வேண்டும். நம்மாழ்வார் திருக்கண்ணபுரத்து எம்பெருமானைப் பாடிய பதிகத்தில் (9-10), தன் தாளை அடைந்தார்க்கெல்லாம் அவன் சரணாவான் என்றும், மரணம் நேரும்போது வைகுந்தம் தருவான் என்றும் அருளிச்செய்தார். மரணமே வாராது என்று அருளவில்லை. சரணமடைந்தவனுடைய உடலை அலை தொடாது என்பது எங்கும் சொல்லப்பட்ட வார்த்தையன்று. அலை உடலைக் கொண்டுசெல்லும் கணத்திலும் ஆத்மாவை அவன் கைவிடான் என்பதே வார்த்தை. திருமங்கையாழ்வார் அஞ்சியதும் உடல் அழிவதற்கு அன்று. அவனைவிட்டு மீண்டும் பிறவியில் புகுவதற்கே அஞ்சினார்.

இவ்விடை துயரத்தைத் துடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் துயரத்தின் நடுவே பற்றுவதற்குரியது எது என்று காட்டும். அத்தனையும் இழந்த அக்கரை மக்கள் பின்னும் கடலேறினார்கள். மாசி மகத்தில் பின்னும் மாப்பிள்ளையை எதிர்கொள்கிறார்கள். அவர்களுக்கு நாம் வேதாந்தம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் நாம் கற்கலாம்.

நாம் கொள்ள வேண்டுவது

சொன்னவற்றைத் தொகுத்துக்கொள்வோம். அச்சம் வந்தால், விச்வாஸம் போயிற்று என்று முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். கலத்தில் இருப்போர் அஞ்சுவர். அச்சத்தை மறைக்க வேண்டாம்; ஆழ்வாரைப்போல அதனையே விண்ணப்பமாக்குவோம். அச்சத்தினால் கலத்தை மட்டும் விடாதிருப்போம். நித்யாநுஸந்தானத்தையும் திருவாராதனத்தையும் மனம் அமைதியாய் இருக்கும் நாளில் மட்டும் செய்வது என்று வைத்துக்கொள்ளாமல், ஆடும் நாளிலும் செய்வோம். மாலுமி தன்னைப் படகோடு பிணைத்துக்கொள்ளும் வாரைப் போன்றவை அவை. படகை மிதக்கச் செய்வது வாரன்று. ஆயினும் அலை வந்து மோதும்போது நம்மைப் படகில் இருத்துவது அதுவே. அருகில் ஒருவர் நடுங்கக் கண்டால் அவருடைய விச்வாஸத்தை அளந்து பார்க்காமல், அவர் பக்கத்தில் அமர்ந்திருப்போம். ஒரே கலத்தில் ஏறியவர்களுக்கு அதுவே முறை.

பெரிய திருமொழியின் இறுதிப் பதிகத்தை அன்பர்கள் இம்மாதத்தில் ஒருமுறையேனும் பெரியவாச்சான்பிள்ளை வியாக்கியானத்துடன் ஸேவிக்கும்படி பிரார்த்திக்கிறோம். ஆழ்வாருடைய நடுக்கத்தில் நம் நடுக்கத்தையும் சேர்த்து ஸமர்ப்பிக்க அங்கே இடமுண்டு.

ஆழ்வார் எம்பெருமானார் ஆசார்யர்கள் திருவடிகளே சரணம்.